சாக்பீஸ் பாய் போட்ட நீல வட்டம்

அவருடைய சட்டைப் பையில் பேனா இருந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு சாக்குக்கட்டிகள்தான் இருக்கும். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். தையற்காரர்கள் துணியில் அளவு போட வைத்திருக்கும் தட்டைச் சாக்கு. பழைய கறுப்பு மிஷின் விற்பனைக்கு வந்தால் வெள்ளையை எடுப்பார். வெள்ளைப் பெயின்ட் அடித்த பவர் மிஷின் என்றால் நீலம். எங்கே குறையோ அங்கே ஒரு வட்டம். கைச்சக்கரத்தில் விரிசல் இருந்தால் சக்கரத்தின் மேல், நூல் அறுக்கும் பழக்கம் இருந்தால் பாபின் மூடியின் மேல், பெல்ட் நழுவினால் பெல்ட் ஓடும் பள்ளத்தின் ஓரத்தில். வட்டம் போட்ட பிறகுதான் மிஷின் கடையின் முன்பக்கத்துக்கு வரும். விலை பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்தத் தெருவில் இரும்புக் கடை, பிளாஸ்டிக் வாளிக் கடை, சைக்கிள் கடை என்று வரிசையாக இருந்தும், பழைய தையல் மிஷின் வாங்கிப் பழுது பார்த்து விற்கிற இந்த ஒரு கடைக்குத்தான் பட்டப்பெயர் நிலைத்தது. சாக்பீஸ் பாய் கடை.

"பாய், பொண்ணு பாக்க வந்தவன் முன்னாடி பொண்ணோட மருவுக்கெல்லாம் வட்டம் போட்டு உக்கார வச்சா எவன் பாய் கட்டுவான்?" என்று சைக்கிள் கடைக்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார்.

"கட்... கட்டினவன் அப்புறம் தி... திட்ட மாட்டான்" என்பார் பாய்.

திக்குவாய். வீட்டில் பேசும்போது அவ்வளவாகத் தெரியாது. புது ஆள் எதிரில் வந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். குறையை மறைத்து விற்ற காசு வாசல் வழியாக உள்ளே வந்தால் பரக்கத், அந்த அருள்வளம், பின்கட்டு வழியாக வெளியே போய்விடும் என்பது அவருடைய அசைக்க முடியாத எண்ணம். விற்கிறவன் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். வாயோ திறக்காது. அதற்காக அவர் கண்டுபிடித்த வழிதான் சாக்கு. மார்க்கம் கேட்டதைக் கையால் சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டது அவருடைய நிக்காஹ் அன்று. சபை நிறைய ஆட்கள். "இந்தப் பொண்ணை ஏத்துக்கிட்டீங்களா?" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டார். மாப்பிள்ளை "ஏ... ஏ..." என்று நின்றுவிட்டார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது. சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, மணப்பெண்ணின் தம்பி, பால்பல் விழுந்த பொடியன், பின்னாலிருந்து கத்தினான்: "ஏத்துக்கிட்டேன்!"

சபை சிரித்த சிரிப்பில் கூரை பறக்காதது ஆச்சரியம். ஹஜ்ரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய், உங்க அக்காவை உனக்கே கட்டி வைக்க முடியாதுடா. நீ கொஞ்சம் சும்மா இரு. மாப்பிள்ளை, நீங்க நிதானமாச் சொல்லுங்க. விடிய விடிய ஆனாலும் நாங்க உக்காந்திருக்கோம்" என்றார். சிரிப்பில் இறுக்கம் தளர்ந்து மாப்பிள்ளைக்கும் வார்த்தை வந்துவிட்டது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப் போனது. பள்ளிக்கூடம் விட்டதும் மச்சினன் கடைக்கு வந்துவிடுவான். பாய் "இந்த மி... மிஷின்ல..." என்று தொடங்கினால், "ஊசிக்கம்பி லேசா ஆடுதுங்க, ஜீன்ஸ் துணி தைக்காதீங்க" என்று அவன் முடிப்பான். மச்சான் என்ன சொல்ல வருகிறார் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஒருநாளும் தப்பாக முடித்ததில்லை. "என் புருஷனுக்கு வாய் ரெண்டு. ஒண்ணு சொந்தம், ஒண்ணு என் தம்பிகிட்ட இரவல்" என்பாள் பாயின் மனைவி.

அந்த இரவல் வாய் வளர்ந்து, கல்யாணம் செய்து, வெளிநாடு போய்விட்டது. குளிர்பதனக் கிடங்கில் வேலை. வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே பனி. காதை மூடும் குல்லாயும் கனத்த கோட்டுமாக, உறைந்த பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதும். வருடங்கள் போனதில் முழங்கால் இரண்டிலும் வலி ஏறி உட்கார்ந்துகொண்டது. ஊரில் மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், பேசினாள். எல்லாவற்றையும் அவன் போனிலேயே பார்த்தான். அவளும் அவனை "போன் வாப்பா" என்றாள். லீவில் வந்து அவன் நேரில் நின்றபோது போனை எடுத்துக்கொண்டு வந்து, "போன் வாப்பா எங்க?" என்று அவனிடமே கேட்டாள். அன்று இராத்திரி அவன் சாப்பிடவில்லை.

அடுத்த வருடமே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டான். "இனிமே போக மாட்டேன் மச்சான். கூழோ கஞ்சியோ, பிள்ளைகூட உக்காந்து குடிக்கிறேன்."

சேர்த்து வைத்திருந்த பணத்தை என்ன செய்வது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பேங்கில் போட்டுவிட்டு மாதா மாதம் வட்டியை வாங்கிக்கொண்டு காலாட்டச் சொன்னவர்கள்தான் அதிகம். "வட்டி வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அவன் நேரே கடைக்கு வந்தான். மச்சானும் மச்சினனும் கூட்டாளிகள் ஆனார்கள். பேச்சு சுருக்கமானது. பணம் இவனுடையது, உழைப்பு அவருடையது. லாபம் வந்தால் ஆளுக்குப் பாதி. நஷ்டம் வந்தால் பணத்துக்கு வந்த நஷ்டம் பணம் போட்டவனுக்கு. உழைத்தவருக்கு உழைத்தது நஷ்டம். யாரும் யாருக்கும் கடன்காரர் இல்லை.

சாட்சியாக உட்கார்ந்திருந்தவள் பாயின் மனைவி. டீ கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு உங்க கணக்கு. நஷ்டம் வந்தா இவனுக்குக் காசு போகும், உங்களுக்கு வேர்வை போகும். எனக்கு ரெண்டு ஆம்பளைங்களும் போயிடுவீங்க. என் பங்கை எதுல எழுதுவீங்க?"

இருவரும் சிரித்தார்கள்.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகவே போனது. பிறகு நோய் வந்தது. உலகம் முழுக்கக் கதவைச் சாத்தியபோது அந்தத் தெருவும் சாத்தியது. திறந்தபோது பாதிக் கடைகள் திறக்கவில்லை. ஊரின் பாதிப் பெண்களுக்குச் சோறு போட்ட ஆயத்த ஆடைத் தொழிற்சாலை திறக்கவே இல்லை. முதலாளி எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு புரோக்கர் மட்டும் வந்து, உள்ளே இருக்கிற பவர் மிஷின்களை மொத்தமாகத் தள்ளிவிடப் போவதாகச் சொன்னான்.

விலை மலிவு. கையில் இருந்த முழுப் பணமும் போகும். மச்சினனுக்குக் கண் மின்னியது. "ஊரு திரும்ப எழுந்திருக்கணும்னா எல்லாரும் வீட்டுல உக்காந்து தைக்கத்தான் போறாங்க மச்சான். மிஷின் யார்கிட்ட இருக்கும்? நம்மகிட்ட."

தொழிற்சாலையில் மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். பாய் டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே போனார். மிஷின்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர் வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து, அடிப்பாகம், எண்ணெய்த் தட்டு எல்லாம் பார்த்தார். கண்ணாடி மாதிரி எண்ணெய். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். வெண்ணெயாய் வழுக்கியது. பின்வரிசைக்குக் கையை நீட்டும்போது புரோக்கர் செருமினான். "பாய், வேற பார்ட்டி வெளியில வண்டியோட நிக்குது. எடுக்கறதுன்னா எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் நாடி பாத்துக்கிட்டு நின்னா நான் என்ன செய்யறது?"

"மச்சான், போதும் மச்சான், வாங்க" என்றான் மச்சினனும்.

பாய் டார்ச்சை அணைத்தார்.

லாரியில் இருந்து இறக்கிய மறுநாள், ஒவ்வொன்றையும் கழுவி எண்ணெய் மாற்றலாம் என்று பின்வரிசை மிஷின் ஒன்றைப் படுக்க வைத்தார். எண்ணெய்த் தட்டில் இருந்தது எண்ணெய் மாதிரி இல்லை. பால் கலந்த டீ மாதிரி இருந்தது. தண்ணீர். அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. தொழிற்சாலை பூட்டிக் கிடந்த மழைக்காலத்தில் கீழ்த்தளம் முழுக்க வெள்ளம் ஏறி வடிந்திருக்கிறது. முன்வரிசை மிஷின்கள் மாடியில் இருந்தவை. பின்வரிசையெல்லாம் கீழே முழுகிக் கிடந்தவை. மேலே துடைத்துப் பாலீஷ் போட்டிருக்கிறார்கள். அடியில் பேரிங்குக்குப் பேரிங் துரு பூத்திருந்தது.

புரோக்கருடைய போன் அன்றைக்கு அணைந்தது. அப்புறம் அது ஒலிக்கவே இல்லை.

பாய் கிரீஸ் வைத்து ஒன்றை ஓட்டிப் பார்த்தார். சமர்த்தாக ஓடியது. அதுதான் கொடுமை. ஓடாவிட்டால் எடைக்குப் போட்டுவிட்டுப் போகலாம். இது சில மாதம் நன்றாக ஓடும், பிறகு ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிடும். அவர் பையிலிருந்து நீலச் சாக்கை எடுத்து, அடிப்பாகம் தெரியும் இடத்தில் வட்டம் போட்டார். அடுத்ததற்கு நகர்ந்தார். அன்று சாயங்காலத்துக்குள் கடை முழுக்க நீல வட்டம்.

ஊரில் இருந்த வியாபாரிகள் சேர்ந்து ஒரு உதவிக் குழு வைத்திருந்தார்கள். நோய்க்காலத்தில் அரிசி மூட்டை கொடுத்தவர்கள். "எத்தனை நாளைக்கு அரிசியே கொடுப்பது, வேலை போன பெண்களுக்கு ஆளுக்கொரு மிஷின் கொடுத்தால் அவர்களே நிமிர்ந்து நிற்பார்கள்" என்று தீர்மானித்து, மிஷின்களை மொத்தமாக வாங்கக் குழுவில் இருந்த பைப் கடைக்காரரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். நல்ல யோசனை. நல்ல மனிதர்கள். சாக்பீஸ் பாய் கடையில் என்றால் நாங்கள் பார்க்கவே வேண்டாம் என்றுகூடச் சொன்னார்களாம்.

அந்த வார்த்தையை மச்சினன்தான் கொண்டுவந்து சொன்னான். மத்தியான நேரம். பாயின் மனைவி சோற்றுப் பாத்திரத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க மச்சான். அவங்க கேட்டா சொல்லுவோம். கேக்கலைன்னா?"

"கே... கேக்கத் தெரியாதவங்களுக்குத்தானே வ... வட்டமே."

"சில மாசம் ஓடும்ல? அதுக்குள்ள அவங்க நாலு காசு பாத்துருவாங்க. அப்புறம் நின்னுச்சுன்னா சும்மாவே ரிப்பேர் பண்ணிக் குடுப்போம். நான் சத்தியம் பண்றேன்."

"பே... பேரிங் போனா ரிப்பேர் இல்ல. எ... எடைக்குத்தான்."

மச்சினன் எழுந்து நின்றான். முழங்கால் சொடக்கென்றது. "நேர்மை உங்களோடது மச்சான். காசு என்னோடது. அதை எப்பவாச்சும் யோசிச்சீங்களா? நீங்க ஜம்முனு வட்டம் போட்டுட்டு கடையில உக்காருவீங்க. ஃபிளைட் ஏறப் போறது நானு."

"டேய்" என்றாள் அக்கா.

"சொல்லட்டும்க்கா, அவரையே சொல்லச் சொல்லு. நான் சொன்னதுல என்ன தப்பு?"

தன் உண்மைக்கு இன்னொருவன் விலை கொடுக்கிறான் என்பது இத்தனை வயசில் அன்றுதான் பாய்க்கு உறைத்தது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கை கழுவினார்.

பைப் கடைக்காரர் வருகிற அன்று காலை, தொழுகை முடிந்து பாய் கடைக்கு வந்தபோது ஷட்டர் ஏற்கெனவே திறந்திருந்தது. மண்ணெண்ணெய் வாசனை. மச்சினன் கையில் கந்தல் துணி. துணியெல்லாம் நீலம். வட்டங்கள் போயிருந்தன. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

பாயின் கை சட்டைப் பைக்குப் போனது. விரலில் சாக்கு தட்டுப்பட்டது. போன் வாப்பாவை போனோடு வந்து தேடிய பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. கையை வெறுமனே எடுத்துவிட்டார். கடை தொடங்கிய நாளிலிருந்து வட்டம் இல்லாத மிஷின் அந்தக் கடையின் முன்பக்கத்துக்கு வந்தது அன்றைக்குத்தான்.

பைப் கடைக்காரர் ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தார். அதே தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கே மேற்பார்வையாளராக இருந்தவள். எல்லோரும் லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "மிஷின் பத்தி எனக்கு என்ன தெரியும் பாய், தண்ணி ஓடற குழாயின்னா சொல்லுவேன். பேருக்கு இந்தம்மா பாக்கட்டும்" என்றார் அவர்.

லைன் அக்கா வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு மிஷின் முன்னால் நின்றுவிட்டாள். அதன் கழுத்தில் ஒரு பூப்படம் போட்ட ஸ்டிக்கர், பாதி உரிந்து.

"ஐயோ, இது என் மிஷினு!" குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். "இந்த ஸ்டிக்கர் என் மக ஒட்டினது. கம்பெனியில திட்டு வாங்கினேன், எடுக்க மாட்டேன்னுட்டேன். எட்டு வருசம் இதுகிட்டதான் உக்காந்திருந்தேன். கட்டின புருஷன்கிட்டகூட அவ்வளவு நேரம் உக்காந்ததில்ல."

பைப் கடைக்காரர் சிரித்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணித்துண்டு ஒன்றைக் கொடுத்து ஓட்டினாள். தையல் நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் பாய் தலையைக் குனிந்தார்.

"எடுத்துக்கலாம் சார், எல்லாத்தையும் எடுத்துக்கலாம்" என்றவள், எழுந்திருக்கும்போது குனிந்தாள். "பாய், இங்க என்னமோ நீலமா வட்டம் போட்டு அழிச்ச மாதிரி இருக்கே? இதுல என்ன?"

பாய் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இ... இதுல..." என்றார் பாய். "த... த..."

வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் அன்றைக்கு நிக்காஹ் சபையில் நின்ற அதே வேர்வை. "த... த..." லைன் அக்கா பதறிப்போய், "பரவாயில்ல பாய், மெதுவா, மெதுவா" என்றாள். பைப் கடைக்காரர் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார்.

மச்சினன் கல்லாப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். சும்மா நின்றிருந்தால் போதும். அந்த வார்த்தை அன்றைக்கு வந்தே இருக்காது. கையில் இருந்த நீலக் கந்தலை மேஜைமேல் வைத்தான்.

"தண்ணி" என்றான். "தண்ணியில முழுகின மிஷின்ம்மா. கொஞ்ச மாசம் ஓடும், அப்புறம் நின்னுடும். வட்டத்தை நான்தான் அழிச்சேன். அவர் இல்ல."

பாயின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. வார்த்தை முடிந்துவிட்டது.

பைப் கடைக்காரர் குனிந்து அழிந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "ஜனங்க காசு, பாய். தெரிஞ்சே எடுக்க முடியாது. தப்பா நினைக்காதீங்க" என்றார். போகும்போது மச்சினனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தோளைத் தட்டினால் வீட்டில் அடுப்பு எரியுமா என்ன! மாடியில் இருந்த முன்வரிசை மிஷின்களை மட்டும் குழு எடுத்துக்கொண்டது. மற்றவையெல்லாம் இரும்புக் கடைக்காரருடைய தராசுக்குப் போயின. லைன் அக்கா தன் மிஷினிலிருந்து அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பணம் போனது போனதுதான். பாய்க்கு அது பொறுக்கவில்லை. மச்சினனை இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். அதே ஹஜ்ரத். தாடி இப்போது முழுக்க வெள்ளை.

"இவன் அன்னிக்கு நிக்காஹ்ல கத்தினவன்தானே?" என்று கேட்டுவிட்டு, இருவரையும் எதிரில் உட்கார வைத்தார்.

பாய் திக்கித் திணறி வழக்கைச் சொன்னார். உழைத்தவன் கவனக்குறைவாக இருந்தால் நஷ்டம் அவன் தலையில்தானே? பின்வரிசையைப் படுக்க வைத்துப் பார்க்காதது தன் தப்பு. வழக்கமாக எல்லாவற்றையும் பார்க்கிறவர், அன்றைக்குப் பார்க்கவில்லை. எனவே நஷ்டம் தன்னுடையது. கடையை விற்றுக் கொடுத்துவிடுகிறார்.

"அவர் சொல்றதைக் கேக்காதீங்க ஹஜ்ரத்" என்றான் மச்சினன். "அங்க கரண்ட் இல்ல. புரோக்கர் அவசரப்படுத்தினான். அவனைவிட நான் அவசரப்படுத்தினேன். போதும் வாங்கன்னு சொன்னது நானு."

"ந... நான் பாத்திருக்கணும்."

"நான் விட்டிருக்கணும்ல?"

ஹஜ்ரத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வயசு வரைக்கும் எத்தனையோ கூட்டாளிங்க வழக்குக் கேட்டிருக்கேன். எல்லாரும் அவன்தான் தப்பு, அவன்தான் தப்புன்னுதான் வருவாங்க. நீங்க ரெண்டு பேரும் குத்தத்துக்கே ஏலம் கேக்கறீங்களேய்யா." கொஞ்ச நேரம் தாடியை நீவினார். "நல்லதைக் காட்டி உள்ளே கெட்டதை வச்சு ஏமாத்தினவன் ஒருத்தன். பாவம் அவனோடது. நீங்க பாக்க முடிஞ்ச அளவு பாத்திருக்கீங்க. பேசினபடிதான் தீரும். பணத்தோட நஷ்டம் பணத்துக்கு. நீங்களா விரும்பிக் குடுத்தா நான் தடுக்கல. ஆனா கட்டாயம் இல்ல."

"குடுத்தா வாங்க மாட்டேன்" என்றான் மச்சினன் சட்டென்று. "கடையை வித்துட்டு நீங்க எங்க உக்காருவீங்க? எங்க அக்கா யாருக்கு டீ கொண்டு வரும்? லாபம் வந்திருந்தா பாதி வாங்கியிருப்பேன்ல?"

வெளியே வந்து செருப்பைப் போடும்போது, குனிய முடியாமல் அவன் தூணைப் பிடித்துக்கொண்டான். பாய் உட்கார்ந்து அவனுடைய செருப்பை எடுத்து முன்னால் வைத்தார். "ஐயோ மச்சான்" என்று அவன் காலை இழுத்துக்கொண்டான்.

பழைய கிடங்கே அவனைத் திரும்பக் கூப்பிட்டது. வேலைக்கு முன்னால் மருத்துவச் சோதனை உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள், கடையில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது பாய் கேட்டார்.

"மு... முழங்கால் வலியைச் சொ... சொன்னியா அவங்ககிட்ட?"

மச்சினன் சிரித்தான். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. "சோதனையில ரத்தம் எடுத்தாங்க, நெஞ்சைப் பாத்தாங்க. முழங்காலை யாரும் கேக்கல. நானும் சொல்லல. நான் மிஷின் இல்ல மச்சான். எனக்கு வட்டம் போட்டா எவனும் எடுக்க மாட்டான்."

பாய் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கல்லாமேல் உட்கார்ந்து சாக்கை வைத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் போல. இறங்கி வந்து, வாப்பாவின் புதுக் கறுப்பு பேன்ட்டில், முழங்கால் இருக்கிற இடத்தில், வெள்ளைச் சாக்கால் ஒரு வட்டம் போட்டாள். அடுத்த முழங்காலுக்கும் போட்டாள். மாமா போடுவது போலவே நிதானமாக, ஆரம்பித்த இடத்தில் கொண்டுவந்து சேர்த்து.

"இப்ப அவங்களுக்குத் தெரியும்ல? கனமா தூக்கச் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

அதை யாரும் துடைக்கவில்லை. அவன் அந்த பேன்ட்டையே போட்டுக்கொண்டு விமானம் ஏறினான். இறங்குவதற்குள் உதிர்ந்திருக்கும்.

தெரு மெல்ல மெல்ல அசைந்தது. லைன் அக்கா குழு கொடுத்த மிஷினைத் தன் வீட்டில் போட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரிகளையும் சேர்த்துக்கொண்டு பள்ளிச் சீருடை தைத்தாள். "மிஷின் வேணுமா? சாக்பீஸ் பாய்கிட்ட போ. உள்ள தண்ணி இருந்தாலும் தண்ணி இருக்குன்னே சொல்லிடுவாங்க" என்று போகிற இடமெல்லாம் சொன்னாள். ஆட்கள் வந்தார்கள். கூட்டு இன்னும் கலையவில்லை, பணம்தான் கரைந்தது என்று பாய் சொல்லிக்கொண்டார். வருகிற லாபத்தில் பாதியை, தர்மமாக இல்லாமல் பங்காகவே, மச்சினன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அது பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குச் சரியாக இருந்தது. பிள்ளையின் வாப்பாவை ஊருக்குக் கொண்டுவர அது காணாது. அவருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் கடைக்கு போன் செய்வான். பாயின் மனைவி, பிள்ளை எல்லோரும் அந்த நேரத்துக்குக் கடையில் கூடிவிடுவார்கள். படத்தில் அவன் குல்லாயோடு, மூக்கு சிவந்து தெரிவான். பாய் ஏதாவது சொல்லத் தொடங்கினால் முன்போலவே முடிப்பான். ஆனால் குரல் அங்கே போய்ச் சேர்ந்து திரும்புவதற்குக் கொஞ்சம் தாமதம் ஆகும். பாய் எப்படியோ முட்டி மோதி வார்த்தையைத் தானே சொல்லி முடித்த பிறகு, அதே வார்த்தை அங்கிருந்தும் வந்து சேரும். இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னதாகச் சொல்லிப் பிள்ளை கைதட்டுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் பேசி முடித்த பிறகு பாய் போனைக் கையில் வாங்கிக்கொண்டு மிஷின்களுக்குப் பின்னால் போனார்.

"மாப்ளே... கடை ப... பரவாயில்ல இப்ப. நீ தி... தி..."

நின்றுவிட்டது. திரும்பி வா என்பது வழக்கமாக வருவதைவிடப் பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. அவர் முட்டிக்கொண்டு நின்றார். படத்தில் மச்சினனின் உதடு பிரிந்தது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்பது இந்த முறை பாய்க்குத் தெரிந்திருந்தது. எத்தனையோ வருடமாகத் தப்பாமல் முடித்துக்கொடுத்தவன், பிரிந்த உதட்டை மூடிக்கொண்டான்.

அந்தப் பக்கம் குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. தாமதம்தானோ என்று பாய் இன்னும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.